எந்த லீட்ஸ்? பிரிட்டனில் படிக்க இடம் தேடும்போது பார்க்க வேண்டியவை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, லீட்ஸ் கிடைச்சிருச்சு!" குரலில் அவ்வளவு சந்தோஷம். கடிதத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், மேலே லீட்ஸ் பெக்கட் பல்கலைக்கழகம் என்று போட்டிருந்தது. "இது லீட்ஸ் இல்லைடா, லீட்ஸ் பெக்கட்" என்றேன். "ஒரே ஊர்தானே மாமா, ரெண்டும் ஒண்ணு இல்லையா?" என்று கேட்டான்.

ஒரே ஊர்தான். ஒன்றின் வாசலிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். ஆனால் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1904-இல் அரச சாசனம் பெற்றுப் பல்கலைக்கழகமானது. பெக்கட் 1992 வரை பாலிடெக்னிக்காக இருந்தது, பிறகு 2014 வரை லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் என்று அழைக்கப்பட்டது. 1992-இல் வந்த ஒரு சட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட பாலிடெக்னிக்குகளை ஒரே மூச்சில் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. நம்மூர் டிப்ளமோ பாலிடெக்னிக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவை அப்போதே பட்டப்படிப்பு நடத்தியவைதான். ஆனால் ஊர்ப்பெயரை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருந்ததால், புதிதாக வந்தவர்கள் அதன் பின்னால் ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டார்கள். நாட்டிங்ஹாம், நாட்டிங்ஹாம் ட்ரென்ட். ஷெஃபீல்ட், ஷெஃபீல்ட் ஹாலம். மான்செஸ்டர், மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன். ஆக்ஸ்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு ப்ரூக்ஸ். சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அந்த இரண்டாவது சொல் காணாமல் போய்விடுவது வழக்கம்.

பழையது உசத்தி, புதியது மட்டம் என்று சொல்ல வரவில்லை. விளையாட்டு அறிவியல் படிக்கப் போகிறவர் என்றால் பெக்கட்டின் கார்னகி விளையாட்டுப் பள்ளியைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். இவன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கக் கிளம்பியவன். எதை வாங்குகிறோம் என்பதே தெரியாமல் விலை பேச உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்கு உறுத்தியது.

அவனிடம் அப்போது நான்கு ஆஃபர் இருந்தது. "நாலு இடத்துல கூப்பிட்டாங்கன்னா நம்ம ப்ரொஃபைல் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றான். நல்ல மதிப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் முதுகலைக்கு ஆஃபர் அவ்வளவு சுலபமாக வருவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் மீதியெல்லாம் விளங்கிவிடும்.

இங்கிலாந்தில் உள்ளூர் இளங்கலை மாணவர்களின் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2012-இல் அது 9,000 பவுண்டு. 2017-இல் 9,250. அங்கேயே எட்டு வருடம் நின்றுவிட்டு, 2025-இல்தான் 9,535 ஆனது. இடையில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஒரு உள்ளூர் மாணவருக்குப் பாடம் நடத்த ஆகும் செலவு அவர் கட்டும் பணத்தைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. தாட்சர் அரசு 1979-இல் பதவிக்கு வந்ததும், வெளிநாட்டவர் முழுச் செலவையும் தாங்களே கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. அன்று செலவைக் குறைக்கப் போட்ட விதி, இன்று பல்கலைக்கழகங்களுக்குச் சோறு போடுகிறது. முதுகலைக்கு நம்மவர்கள் கட்டும் தொகை பல இடங்களில் 20,000 பவுண்டைச் சுற்றி இருக்கும். பெரிய பெயர்களில் சில படிப்புகள் 40,000-ஐத் தாண்டும். உள்ளூர் மாணவர்களால் விழும் துண்டையும், ஆராய்ச்சியில் விழும் துண்டையும் இந்தப் பணம்தான் அடைக்கிறது.

2023-24 கல்வியாண்டில் பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டே இந்தியர்கள் சீனர்களை முந்தி முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். ஹோட்டல் ஹாலில் நடக்கும் கல்விக் கண்காட்சி, 'விண்ணப்பக் கட்டணம் இல்லை' என்ற விளம்பரம், இலவச ஆலோசனை தரும் ஏஜென்ட் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து முளைத்தவை. ஏஜென்ட் உங்களிடம் காசு வாங்காமல் இருக்கலாம். நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷனாகக் கொடுக்கிறது. அதில் தப்பில்லை, அது அவர் தொழில். ஆனால் அவர் எடுத்துக் காட்டும் பட்டியலில் இருப்பவை அவரோடு ஒப்பந்தம் போட்ட இடங்கள். பட்டியலில் ஏன் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இல்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, ஏஜென்ட்டை நம்பவில்லை, தரவரிசையைப் பார்க்கிறோம் என்கிறீர்களா? க்யூஎஸ் என்ற நிறுவனம் வெளியிடும் உலகப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 30 மதிப்பெண் பேராசிரியர்களிடம் நடத்தும் 'உங்களுக்குத் தெரிந்த நல்ல இடம் எது' என்ற கருத்துக் கணிப்புக்கு. 15 மதிப்பெண் வேலை தருகிறவர்களிடம் நடத்தும் அதே மாதிரிக் கணிப்புக்கு. இன்னொரு 20, ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு. வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆசிரியர்–மாணவர் விகிதம் என்று ஒரு 10 மதிப்பெண், அவ்வளவுதான். உள்நாட்டில் வரும் பட்டியல்கள் வேறு தராசு. 2021 செப்டம்பரில் டைம்ஸ் நாளிதழின் பட்டியலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் ஓர் இடம் முந்தியது அதுவே முதல் தடவை. அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் உலகப் பட்டியலில் நூறை ஒட்டித்தான் நிற்கும். இரண்டுமே பொய்யில்லை. அளந்தது வேறு வேறு.

துறைவாரிப் பட்டியல் கொஞ்சம் பயன்படும். சசெக்ஸ் மொத்தப் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும். நாடுகளின் வறுமை, முன்னேற்றம் பற்றிப் படிக்கும் வளர்ச்சி ஆய்வுகளில் பல வருடமாக உலகத்திலேயே முதலிடம். விளையாட்டுத் துறையில் லஃபரோவும் அப்படித்தான். இன்னும் வேடிக்கை கிரான்ஃபீல்ட். சொந்தமாக விமான ஓடுதளமே வைத்திருக்கும் இடம், வான்வெளிப் பொறியியலில் பெரிய பெயர். ஆனால் அங்கே முதுகலையும் ஆராய்ச்சியும் மட்டும்தான், இளங்கலை கிடையாது. அதனால் மொத்தப் பட்டியலில் தேடினால் பெயரே அகப்படாது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிற பையனுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

ரஸ்ஸல் குழு என்று ஒரு பேச்சும் அடிபடும். 1994-இல் சில பெரிய பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்து ஹோட்டலில் கூடிப் பேசியதில் உருவான சங்கம் அது; இப்போது 24 உறுப்பினர்கள். ஆராய்ச்சி நிதிக்காக அரசிடம் குரல் கொடுப்பதுதான் முக்கிய வேலை. தர முத்திரை என்று நாமாகத்தான் எடுத்துக்கொண்டோம். செயின்ட் ஆண்ட்ரூஸ், பாத், லஃபரோ, லான்காஸ்டர் எதுவுமே அதில் இல்லை.

மாணவர் திருப்தியை அளக்க அரசு ஆதரவில் ஒரு தேசியக் கணிப்பு நடக்கிறது, சுருக்கமாக என்எஸ்எஸ் (நம் கல்லூரியில் மரம் நடுகிற என்எஸ்எஸ் இல்லை). தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கற்பித்தலுக்குப் பதக்கம் கொடுக்கும் டிஇஎஃப் என்ற மதிப்பீடும் இருக்கிறது. விளம்பரத்தில் தங்கப் பதக்கத்தைப் பெரிதாகப் போடுவார்கள். இரண்டுமே இளங்கலையைத்தான் அளக்கின்றன. இங்கிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் சேரும் ஒரு வருட முதுகலையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? படிப்பின் பக்கத்தைத் திறந்து, மாட்யூல் பட்டியலை, அதாவது என்னென்ன பாடங்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அவனோடு உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். பிரிட்டனில் முதுகலை என்றால் மொத்தம் 180 கிரெடிட். அதில் வழக்கமாக 60 கிரெடிட் கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்குப் போய்விடும். மிச்சம் 120 கிரெடிட் இரண்டு செமஸ்டரில். செமஸ்டருக்குப் பதினொரு, பன்னிரண்டு வாரம் பாடம் நடக்கும். ஆக, ஒரு வருடப் படிப்பில் வகுப்பு நடப்பது சுமார் 22 வாரம். கட்டணம் 22,000 பவுண்டு என்று வைத்தால் வாரத்துக்கு ஆயிரம் பவுண்டு. அந்த ஆயிரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, அதில் எத்தனை மணி நேரம் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், எத்தனை மணி நேரம் இருபது பேர் இருக்கும் அறையில் என்று கேட்க வேண்டும். பையன் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான்.

நான்கில் இரண்டு, வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கான படிப்புகள். முதல் செமஸ்டரில் பைத்தான் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பார்கள். மெக்கானிக்கல் படித்த இவனுக்கு அது பொருத்தம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஒருவர் அதில் போய்ச் சேர்ந்தால் ஏற்கெனவே தெரிந்ததை பவுண்டு கொடுத்து மறுபடி கேட்பார். மூன்றாவது இடத்தில் தலைப்பு டேட்டா, உள்ளே பாதி மேலாண்மைப் பாடம். தலைப்பு நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விருப்பப் பாடம் என்று பத்துப் பதினைந்து போட்டிருப்பார்கள். போன வருடம் அதில் எத்தனை உண்மையில் நடந்தது என்று கேட்பதும் நல்லது. ஆள் சேராவிட்டால் அந்தப் பாடத்தை நடத்த மாட்டார்கள்.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதுகலையில் 50 எடுத்தால் தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். இங்கே தொண்ணூறு வாங்கிப் பழகியவர்கள் முதல் கட்டுரைக்கு 62 வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு அழுவார்கள். 62 நல்ல மதிப்பெண்.

ஆஃபரில் லண்டன் என்று இருந்தால் முகவரியையும் பாருங்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் பல லண்டனில் கிளை வைத்திருக்கின்றன. சண்டர்லண்ட், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊர். அதன் லண்டன் வளாகம் கேனரி வார்ஃப் பக்கத்தில் இருக்கிறது. கவென்ட்ரிக்கும் லண்டனில் வளாகம் உண்டு. பட்டத்தில் வித்தியாசம் இருக்காது. ஆனால் நூலகம், ஆய்வுக்கூடம், விளையாட்டு மைதானம், மாணவர் சங்கம் எல்லாம் தாய் வளாகத்தில் இருக்க, லண்டனில் அலுவலகக் கட்டடத்தில் சில மாடிகள் மட்டும் இருக்கலாம். தெரிந்து போனால் சரி.

லண்டனா, வெளியூரா என்பதில் பணம் பேசும். விசாவுக்குக் கையில் இருப்பாகக் காட்ட வேண்டிய தொகை 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 13,761-க்கும் 10,539-க்கும் வித்தியாசம் 3,222 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்றால் சுமார் மூன்று லட்சத்து எழுபதாயிரம் வருகிறது. அந்தப் பணம் கணக்கில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். இது அரசு சொல்லும் குறைந்தபட்சம்தான். அறை வாடகை இதைக் கேட்டு வருவதில்லை. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. மருத்துவ சேவைக்கென்று வருடத்துக்கு 776. ஒரு வருட முதுகலைக்கு விசா ஒரு வருடத்தைத் தாண்டிக் கொடுப்பதால் ஒன்றரை வருடத்துக்குக் கணக்காகி 1,164 ஆகிவிடும். இதையெல்லாம் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து எழுதிக் காட்டும் ஏஜென்ட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

பார்ட் டைம் வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. கோடையில் முழு நேரம் செய்யலாம் என்று இளங்கலை படிக்கும் நண்பர் சொல்வார். முதுகலைக்காரருக்குக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறை இல்லை. சின்ன ஊரில் வாடகை குறைவு, அங்கே கடை வேலையும் குறைவு. அப்புறம், அபர்டீன் மாதிரி வடக்கே இருக்கும் ஊர் என்றால் டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். இதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள், போய் இரண்டு மாதம் கழித்துச் சிரிப்பதில்லை.

படிப்பு முடிந்த பின் வேலை தேடத் தங்கும் விசா பற்றி வாட்ஸ்அப்பில் பழைய தகவல்களே சுற்றுகின்றன. 2012-இல் மூடப்பட்ட வசதியை 2021 ஜூலையில் வேறு பெயரில் திறந்தார்கள். இளங்கலை, முதுகலைக்கு இரண்டு வருடம், பிஎச்டிக்கு மூன்று. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் 18 மாதமாகிறது. பிஎச்டிக்கு மாற்றமில்லை. வகுப்பறைப் படிப்பாக முதுகலை படிக்கிறவர் மனைவி, கணவன், பிள்ளைகளைக் கூட்டிப்போவது 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. 18 மாதத்துக்குப் பிறகும் தங்க வேண்டும் என்றால் வேலை கொடுத்து விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும். அதற்கான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து பொதுவாக 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. எந்தத் துறையில், எந்த ஊரில் தொடக்கச் சம்பளமே அந்த அளவு வரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் காலக்கணக்கு ஒன்று பலரைக் கவிழ்க்கிறது. பெரிய நிறுவனங்கள் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்கும் வேலையைச் செப்டம்பரிலேயே தொடங்குகின்றன. பல இடங்களில் நவம்பர், டிசம்பருக்குள் கதவை மூடிவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் போய் இறங்கி, பாங்க் கணக்கு, சிம் கார்டு, அறை என்று அலைந்து நிமிர்வதற்குள் பாதி வாய்ப்பு போயிருக்கும். முதல் மதிப்பெண் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு, வந்து சேருவதற்கு முன்பே ஆன்லைனில் உதவுமா என்று கேட்பது வீண் கேள்வி இல்லை. மூன்று வருட இளங்கலைக்கு நடுவே ஒரு வருடம் கம்பெனியில் வேலை பார்க்கும் ஏற்பாட்டுக்கு பாத், சர்ரே, ஆஸ்டன், லஃபரோ நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. வீட்டில் வசதி இருந்து பிளஸ் டூ முடித்ததும் அனுப்புகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பல்கலைக்கழகத்தின் பண நிலையையும் இப்போது பார்க்க வேண்டியதாகிவிட்டது. இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட கணக்குப்படி, 43 சதவீத நிறுவனங்கள் 2024-25-இல் பற்றாக்குறையை எதிர்பார்த்தன. ரஸ்ஸல் குழுவில் இருக்கும் கார்டிஃப் 2025 ஜனவரியில் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. டண்டீ பல்கலைக்கழகத்துக்கு ஸ்காட்லாந்து அரசு பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. இதனால் நாளைக்கே இழுத்து மூடிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் நம்பிப் போகும் பேராசிரியர் இருப்பாரா, அந்தப் பாடப்பிரிவு அடுத்த வருடமும் இருக்குமா என்று நாளிதழில் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டு மாணவர்களை விசாவில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் உரிமமும் அப்படித்தான். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டனின் உரிமத்தை அரசு பறித்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். உரிமம் பிறகு திரும்பக் கிடைத்தது. இப்போது அந்த விதிகளை இன்னும் இறுக்குகிறார்கள். முன்பு ஒரு பல்கலைக்கழகம் அனுப்பும் விண்ணப்பங்களில் பத்து சதவீதம் வரை விசா மறுக்கப்படலாம், இனி ஐந்துதான். அட்மிஷன் கொடுத்த பிறகும் வீடியோவில் கூப்பிட்டு 'ஏன் இந்தப் படிப்பு, யார் பணம் கட்டுகிறார்கள்' என்று துருவுவது இதனால்தான்.

இந்தியா திரும்புவதாக இருந்தால் கேட்க வேண்டியது வேறு. பிரிட்டனின் ஒரு வருட முதுகலை இங்கே செல்லுமா என்ற பழைய சிக்கலுக்கு 2022 ஜூலையில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் வழி செய்தது. மருத்துவம், பொறியியல், சட்டம், மருந்தியல், கட்டடக்கலை போன்ற தொழிற்படிப்புகள் அதில் இல்லை. கல்லூரி ஆசிரியர் வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பட்டியலினத்தவருக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை க்யூஎஸ் பட்டியலில் முதல் 500-க்குள் இருக்கும் இடங்களுக்குத்தான். அந்த வழியில் போகிறவர்களுக்கு, மேலே நான் திட்டிய தரவரிசையே முதல் வேலை.

அக்கா மகன் கடைசியில் இரண்டு இடத்துக்கு மின்னஞ்சல் எழுதினான், ஆங்கிலத்தில் ஐந்தே வரி. போன வருட மாணவர்கள் ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுத்தார்கள், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள், எந்த விருப்பப் பாடங்கள் நடந்தன. ஓரிடத்திலிருந்து மூன்றாம் நாள் அந்தப் படிப்பின் பொறுப்பாசிரியரே பதில் போட்டார், பதினேழு தலைப்புகளோடு. அதில் ஒன்று பேருந்து எஞ்சின் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி. மெக்கானிக்கல்காரனுக்குக் கண் விரிந்தது. இன்னொரு இடத்திலிருந்து பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப் வந்தது: டெபாசிட் கட்ட இன்னும் ஐந்து நாள்தான், சீக்கிரம் கட்டினால் ஆயிரம் பவுண்டு தள்ளுபடி. "ஆயிரம் பவுண்டு மாமா" என்றான். "ஒரு வாரப் பாடத்துக்கான காசுடா" என்றேன். சிரித்துவிட்டு, அந்தப் பதினேழு தலைப்பையும் மறுபடி மேலிருந்து படிக்க ஆரம்பித்தான்.